விசையின் திருப்புத்திறனுக்கு எந்த 991? கேசியோவின் நான்கு மாடல்கள், ஒரே கணக்கு

இன்ஜினியரிங் மெக்கானிக்ஸில் இருபரிமாணத்தைத் தாண்டியதும் திருப்புத்திறன் (ஒரு விசை பொருளைச் சுழற்ற முயலும் அளவு) கணக்கு கையை இழுக்கத் தொடங்கும். நிலை வெக்டரையும் விசை வெக்டரையும் குறுக்குப் பெருக்கல் செய்ய ஆறு பெருக்கல், மூன்று கழித்தல் வேண்டும். நடு உறுப்புக்குக் குறியையும் மாற்ற வேண்டும். அந்த ஒரு கழித்தல் குறியில் தவறினால் அதன் பின்னால் வரும் சமநிலைச் சமன்பாடுகள் அத்தனையும் தவறு. கேசியோவின் எஃப்எக்ஸ்-991 வரிசைக் கால்குலேட்டர்களில் இந்தப் பெருக்கலை நேராகச் செய்யும் வெக்டர் பயன்முறை இருக்கிறது. வைத்திருப்பவர்களில் பலர் அதைத் திறந்ததே இல்லை. எம்எஸ், இஎஸ் பிளஸ், இஎக்ஸ், சிடபிள்யூ என்ற நான்கு மாடல்களையும் இந்த ஒரு வேலையை மட்டும் அளவுகோலாக வைத்து இங்கே எடை போடுகிறோம்.

சோதனைக் கணக்கு இது. 6 மீட்டர் உயரக் கம்பம். அடி மூலப்புள்ளியில், உச்சி (0, 0, 6)-ல். உச்சியிலிருந்து ஒரு ஸ்டே கம்பி தரையில் (2, 3, 0)-ல் அடித்த முளைக்குப் போகிறது. கம்பியின் இழுவிசை 700 நியூட்டன். கம்பத்தின் அடியைப் பொறுத்துத் திருப்புத்திறன் எவ்வளவு?

உச்சியிலிருந்து முளைக்கான வெக்டர் (2, 3, −6). அதன் நீளம் 4 + 9 + 36 = 49-ன் வர்க்கமூலம், அதாவது 7. ஆகவே விசை (200, 300, −600) நியூட்டன். நிலை வெக்டர் (0, 0, 6). பெருக்கினால் (−1800, 1200, 0) நியூட்டன்-மீட்டர். எண்கள் முழு எண்களாக வருவதால், எந்த மாடலில் போட்டாலும் சரியா தவறா என்பது பார்த்த உடனே தெரியும்.

இஎக்ஸ் மாடலிலிருந்து தொடங்கலாம், இந்த வேலைக்கு அதுதான் முதலிடம். மெனு அழுத்தி 5. எந்த வெக்டர் என்று கேட்கும்: 1 அழுத்தினால் வெக்டர் ஏ. பரிமாணம் 3. பிறகு 0, 0, 6 ஒவ்வொன்றுக்கும் பின் சமக்குறி. அடுத்து ஓபிடிஎன் என்று எழுதிய பட்டன், 1, பிறகு 2 (வெக்டர் பி), பரிமாணம் 3. 200, 300, −600. ஏசி அழுத்திக் கணக்குத் திரைக்கு வந்து, ஓபிடிஎன் 3, பெருக்கல் குறி, ஓபிடிஎன் 4, சமக்குறி. மூன்று கூறுகளும் ஒரே திரையில் வந்து நிற்கும். வழக்கமான பெருக்கல் பட்டன்தான் இங்கே குறுக்குப் பெருக்கல். தனிக் குறி எதையும் தேட வேண்டாம்.

எண்ணளவு வேண்டுமானால் ஷிஃப்ட் அழுத்தி இடது அடைப்புக்குறி பட்டன். அதுதான் இந்த மாடலில் ஆப்ஸ். உள்ளே விடை வெக்டரை வைக்க ஓபிடிஎன், கீழ் அம்பு, 1. வருவது 2163.330765. இதை 700-ஆல் வகுத்தால் 3.09 மீட்டர்; அடியிலிருந்து கம்பிக்கு வரையும் செங்குத்துத் தூரம் அது. கம்பத்தின் உயரமோ முளையின் தூரமோ அல்ல என்பதைக் கவனியுங்கள். வைவா தேர்வில் இந்த இடத்தைப் பிடித்துத்தான் கேள்வி வரும்.

இஎக்ஸை மற்ற பழைய மாடல்களிலிருந்து பிரித்துக் காட்டுபவை மூன்று. முதலாவது, ஓரலகு வெக்டருக்கு (அதே திசையில் நீளம் 1 உள்ள வெக்டர்) தனிக் கட்டளை (ஓபிடிஎன், கீழ் அம்பு, 4). இது இருந்தால் விசையின் கூறுகளைத் தாளில் பிரிக்கவே வேண்டாம். வெக்டர் பி-யில் (2, 3, −6) என்ற திசையை அப்படியே வைத்துவிட்டு, 700 × வெக்டர் ஏ × ஓரலகு(வெக்டர் பி) என்று ஒரே வரியில் போட்டால் (−1800, 1200, 0) வந்துவிடும். பாடநூல் கணக்குகளில் நீளம் 7, 9, 15 என்று அழகாக வரும். நிஜக் கட்டமைப்பில் வர்க்கமூலம் முடிவதே இல்லை. நீளத்தை 2 தசம இடத்துக்குச் சுருக்கி எழுதி, அதைக் கொண்டு கூறுகளை வகுத்து, அவற்றையும் சுருக்கி, பிறகு பெருக்கும்போதுதான் விடை கடைசி இலக்கங்களில் ஒதுங்குகிறது. ஒரே வரியில் போட்டால் இடையில் எதையும் சுருக்காமலே கணக்கு ஓடிவிடும்.

இரண்டாவது, கோணக் கட்டளை. வெக்டர் ஏ, பி இரண்டுக்கும் இடைக்கோணம் கேட்டால் சுமார் 149 பாகை என்று சொல்லும். 6-ஐ அந்தக் கோணத்தின் சைனால் பெருக்கினாலும் அதே 3.09 மீட்டர். ஒரே விடைக்கு இரண்டாவது வழியில் போய்ச் சரிபார்க்க இது நல்ல கருவி.

மூன்றாவதுதான் பெரிய வேறுபாடு. எம்எஸ், இஎஸ் பிளஸ் மாடல்களில் வெக்டர் ஏ, பி, சி என மூன்றே இடங்கள். இஎக்ஸில் டி-யும் உண்டு. நான்கு இடம் இருந்தால் வெவ்வேறு புள்ளிகளில் செயல்படும் இரண்டு விசைகளின் மொத்தத் திருப்புத்திறனை ஏ × பி + சி × டி என்று ஒரே வரியில் எடுத்துவிடலாம். அதே கம்பத்தில் இன்னொரு ஸ்டே கம்பி (−3, 2, 0)-க்குப் போவதாகவும் இழுவிசை 350 நியூட்டன் என்றும் வையுங்கள். விசை (−150, 100, −300). இரண்டும் உச்சியில் சந்திப்பதால் முதலில் கூட்டிக்கொள்ளலாம்: (50, 400, −900). கூட்டிய விசையின் திருப்புத்திறனும் தனித்தனித் திருப்புத்திறன்களின் கூட்டலும் ஒன்றே என்ற வரிக்னான் தேற்றம் தரும் வசதி இது. திருப்புத்திறன் (−2400, 300, 0). இப்போது 4 மீட்டர் உயரத்தில், (0, 0, 4)-ல், (−75, −600, 0) நியூட்டன் கிடைவிசை செயல்பட்டால்? சி-யிலும் டி-யிலும் அவற்றை இட்டு அந்த ஒரு வரியை ஓட்டினால் மூன்றும் பூச்சியம்: கம்பம் அடியைப் பொறுத்துச் சுழல முயலவில்லை. மூன்று இடமே உள்ள மாடலில் முதல் பெருக்கலின் விடையைச் சேமித்துவிட்டு ஏ-யையும் பி-யையும் அழித்து மறுபடி இட வேண்டும். தேர்வு நேரத்தில் அந்த மறு-உள்ளீட்டில்தான் பழைய எண் ஒன்று தங்கிவிடுகிறது.

இனி, நான்கு மாடலிலும் ஒருபோல் கவிழ்க்கும் இடங்கள். கால்குலேட்டர் பிழை காட்டாது என்பதால்தான் இவை ஆபத்து.

பெருக்கல் வரிசை. நிலை வெக்டர் முதலில், விசை அடுத்து. மாற்றிப் போட்டால் (1800, −1200, 0) வரும். எண்ணளவு அதே, திசை நேரெதிர். இயந்திரம் இரண்டையும் ஒரே நம்பிக்கையோடு காட்டும். எப்போதும் ஏ-யில் நிலை, பி-யில் விசை என்று ஒரு பழக்கத்தை வைத்துக்கொண்டு மாற்றவே மாற்றாதீர்கள்.

மூலப்புள்ளி அல்லாத புள்ளி. (2, 0, 0)-ஐப் பொறுத்துத் திருப்புத்திறன் கேட்டால் நிலை வெக்டர் அந்தப் புள்ளியிலிருந்து தொடங்க வேண்டும். சி-யில் (2, 0, 0) வைத்து (ஏ − சி) × பி என்று போட்டால் (−1800, 0, −600). அடைப்புக்குறியை விட்டுவிட்டு ஏ − சி × பி என்று அழுத்தினால் பெருக்கல் முந்திக்கொள்ளும். (0, −1200, −594) என்று ஒரு விடை வரும். மீட்டரிலிருந்து நியூட்டன்-மீட்டரைக் கழித்த அர்த்தமற்ற எண் அது. இயந்திரத்துக்கு அலகு தெரியாது, அதனால் எச்சரிக்கவும் செய்யாது.

ஓர் அச்சைப் பொறுத்த திருப்புத்திறன் இதைவிடக் கூர்மையான பொறி. அச்சின் ஓரலகு வெக்டரை (0.6, 0.8, 0) என்று சி-யில் வைத்தால் சரியான விடை சி • (ஏ × பி) = −1080 + 960 = −120 நியூட்டன்-மீட்டர். இது வெறும் எண், வெக்டர் அல்ல. கேசியோவின் முன்னுரிமை வரிசையில் புள்ளிப் பெருக்கல் குறுக்குப் பெருக்கலுக்கு முன்னால் நடக்கும். எனவே அடைப்புக்குறி இல்லாமல் சி • ஏ × பி என்று போட்டால் அது முதலில் சி • ஏ-யைக் கணக்கிட்டு, அந்த எண்ணால் பி-யைப் பெருக்கும். நம் கணக்கில் சி • ஏ பூச்சியம். விடை (0, 0, 0). ‘அச்சைப் பொறுத்துத் திருப்புத்திறன் இல்லை’ என்று எழுதிவிட்டுப் போகத் தூண்டும் விடை! ஏ-யில் உச்சிக்குப் பதில் முளையின் (2, 3, 0)-ஐ வைத்திருந்தால் (720, 1080, −2160) வந்து குட்டு வெளிப்படும். அச்சைப் பற்றிய கேள்விக்கு மூன்று எண் விடையாக வந்தால் அடைப்புக்குறி போயிருக்கிறது என்று உடனே புரிந்துகொள்ளுங்கள்.

அந்த (2, 3, 0) இன்னொரு நல்ல வேலையும் செய்யும். விசையின் செயற்கோட்டில் எந்தப் புள்ளியை எடுத்தாலும் திருப்புத்திறன் மாறாது. ஏ-யை (2, 3, 0) என்று திருத்தி மறுபடி ஏ × பி போடுங்கள். அதே (−1800, 1200, 0) வர வேண்டும். வராவிட்டால் விசையின் கூறுகளிலோ ஆயத்தொலைவுகளிலோ ஓர் எண் தவறு. தட்டச்சுப் பிழையைப் பிடிக்க இதற்கு நிகரான சோதனை வேறு கிடையாது. தாளில் விரித்த விடையை சி-யில் இட்டு ஏ-யுடனும் பி-யுடனும் புள்ளிப் பெருக்கல் செய்து பூச்சியம் வருகிறதா என்று பார்ப்பதும் உதவும். ஆனால் அது கையால் விரித்ததில் வந்த தவறை மட்டுமே காட்டும். வரிசை மாறியதைக் காட்டாது, ஏனென்றால் குறி மாறினாலும் செங்குத்து செங்குத்துதான்.

இருபரிமாணக் கணக்குக்கும் இந்தப் பயன்முறை பொருந்தும். பரிமாணம் 2 என்று கொடுத்து இரண்டு வெக்டர்களையும் குறுக்குப் பெருக்கினால் விடை மூன்று உறுப்போடு வரும். மூன்றாவதுதான் திருப்புத்திறன், நேர்க்குறி என்றால் இடஞ்சுழி. (0.4, 0.3) மீட்டரில் 250 நியூட்டன் விசை 30 பாகைச் சாய்வில் இருந்தால், விசையின் உறுப்புகளில் 250 காஸ் 30, 250 சைன் 30 என்று கோவையாகவே அழுத்தலாம், சமக்குறி அழுத்தியதும் எண்ணாகிவிடும். விடை −14.95 நியூட்டன்-மீட்டர், வலஞ்சுழி. இங்கே கால்குலேட்டர் ரேடியனில் கிடந்தால் −110.37 வரும். குறியும் சரியாக இருப்பதால் சந்தேகமே எழாது. திரையின் மேல் விளிம்பில் பாகைக்கான குறி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெக்டர் பயன்முறைக்குள் போங்கள்.

ஒரு வெக்டரை இரண்டு உறுப்பாகவும் மற்றதை மூன்றாகவும் கொடுத்துவிட்டால் ‘டைமென்ஷன் எரர்’ வரும். பரிமாணமே கொடுக்காத வெக்டரைக் கணக்கில் அழைத்தாலும் அதே செய்திதான். தளத்தில் உள்ள விசை என்றாலும் மூன்றாவது உறுப்பில் 0 போட்டு எப்போதும் 3 பரிமாணத்திலேயே வேலை செய்தால் இந்தத் தொல்லை இல்லை.

இஎஸ் பிளஸ் பற்றி. மோடு 8-ல் வெக்டர். ஷிஃப்ட் 5 அழுத்தினால் பட்டியல்: 1 பரிமாணம், 2 தரவு, 3 முதல் 5 வரை வெக்டர் ஏ, பி, சி, 6 விடை வெக்டர், 7 புள்ளிப் பெருக்கல். ஆப்ஸ் இங்கே ஹைப் பட்டனின் மேல். இஎக்ஸில் கீழ் அம்பு அழுத்தி அடுத்த பக்கத்துக்குப் போக வேண்டியவை இதில் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. புள்ளிப் பெருக்கலும் விடை வெக்டரும் அடிக்கடி வேண்டியவர்களுக்கு இது கைக்கு இன்னும் பழகும். ஓரலகு வெக்டருக்கும் கோணத்துக்கும் கட்டளை இல்லை. (1 ÷ ஆப்ஸ்(வெக்டர் பி)) × வெக்டர் பி என்று சுற்றி வர வேண்டும். ஏற்கெனவே இஎஸ் பிளஸ் வைத்திருப்பவர் இந்தக் காரணத்துக்காக மட்டும் புதிது வாங்கத் தேவையில்லை.

எம்எஸ், கல்லூரிகளில் கையோடு கை மாறி வரும் மாடல். மோடு பட்டனை மூன்று முறை அழுத்தி 3. ஷிஃப்ட் 5, 1, 1, பிறகு 3 சமக்குறி என்று வெக்டர் ஏ-யின் பரிமாணம், உறுப்புகள், ஏசி, அடுத்து பி. பெருக்கும்போது ஒவ்வொரு வெக்டருக்கும் ஷிஃப்ட் 5, 3, பிறகு 1 அல்லது 2. புள்ளிப் பெருக்கலுக்கு ஷிஃப்ட் 5, வலது அம்பு, 1. கணக்கு பிசகாது, ஆனால் திரையில் விடையின் ஓர் உறுப்பு மட்டுமே தெரியும். மற்றவற்றை அம்புப் பட்டனால் நகர்த்தித்தான் பார்க்க வேண்டும். முதல் உறுப்பைப் பார்த்துவிட்டு அதையே விடை என்று எழுதும் தவறு இந்த மாடலுக்கே உரியது. ஒரு கணக்கில் ஒரு விசை என்றால் எம்எஸ் தாராளமாகப் போதும். மூன்று கம்பி, இரண்டு பளு என்று போனால் விரல் களைத்துவிடும்.

சிடபிள்யூ இஎக்ஸுக்குப் பின் வந்தது. திரை இன்னும் தெளிவு. எழுத்து கண்ணுக்கு இதம். ஆனால் பட்டன் அமைப்பு முழுவதும் மாறிவிட்டது. ஹோம் திரையில் வெக்டர் படத்தைத் தேர்ந்தெடுத்து, டூல்ஸ் பட்டனால் வெக்டரை வரையறுத்து, புள்ளிப் பெருக்கல், கோணம், ஓரலகு போன்றவற்றைக் கேட்டலாக் பட்டனுக்குள் தேட வேண்டும். சமக்குறி இருந்த இடத்தில் எக்ஸிக்யூட் பட்டன். முதன்முதலாக வாங்குகிறவருக்கு இது தடையில்லை. இரண்டு வருடம் இஎஸ் பிளஸில் விரல் பழகியவர் செமஸ்டருக்கு முந்தைய வாரம் இதற்கு மாறுவது தவறான முடிவு.

எந்த மாடலாலும் முடியாதது ஒன்று உண்டு: தெரியாத இழுவிசையை எழுத்தாக வைத்துக் குறுக்குப் பெருக்கல் செய்ய முடியாது. அதற்கு வழி, ஒவ்வொரு கம்பியின் ஓரலகு வெக்டரையும் நிலை வெக்டரோடு பெருக்கி, 1 நியூட்டன் இழுவிசைக்கு வரும் மூன்று கூறுகளைத் தாளில் குறித்துக்கொள்வது. அவைதான் சமன்பாடுகளின் கெழுக்கள். பிறகு சமன்பாட்டுப் பயன்முறைக்குப் போனால் எம்எஸ்ஸும் இஎஸ் பிளஸும் மூன்று தெரியாக்கணியம் வரை, இஎக்ஸ் நான்கு வரை தீர்க்கும். பயன்முறை மாறுவதற்கு முன் எண்களைத் தாளில் எழுதி முடித்துவிடுங்கள். ஒரு சமன்பாடு 0 = 0 என்று வரக்கூடும் என்பதையும் எதிர்பாருங்கள்: கம்பிகள் எல்லாம் கம்பத்தின் அச்சைத் தொடுவதால் செங்குத்து அச்சைப் பொறுத்த திருப்புத்திறன் எப்போதும் பூச்சியம்; அடியைப் பொறுத்த நம் விடைகளில் மூன்றாவது உறுப்பு 0 ஆனது அதனால்தான். அந்த வரிசையையும் சேர்த்து மூன்று சமன்பாடாக உள்ளிட்டால் தனித்த தீர்வு வராது. அந்த இடத்தில் விசைச் சமன்பாடு ஒன்றைச் சேர்க்க வேண்டும்.

நீளத்தை மில்லிமீட்டரில் கொடுத்திருந்தால் அப்படியே இட்டு, விடையை நியூட்டன்-மில்லிமீட்டர் என்று எழுதி 1000-ஆல் வகுப்பதே நல்லது. ஒரு வெக்டர் மீட்டரிலும் இன்னொன்று மில்லிமீட்டரிலும் இருந்தால் (ஏ − சி) போன்ற கழித்தலில் எல்லாம் குழம்பும்.

தேர்வு பற்றி இரண்டு சொற்கள் சொல்ல வேண்டும். தமிழ்நாடு பிளஸ் டூ பொதுத்தேர்வின் கணிதத் தாளில் கால்குலேட்டர் கிடையாது. அங்கே வெக்டர் இயற்கணிதத்தில் வரும் திருப்புத்திறன் கணக்கை அணிக்கோவை விரித்துத்தான் ஆக வேண்டும். பொறியியல் செமஸ்டர் தாளிலும் அணிக்கோவையை எழுதிக் காட்டாமல் விடையை மட்டும் எழுதினால் படிகளுக்கான மதிப்பெண் கிடைக்காது. ஆகவே முதலில் கையால் விரியுங்கள், பிறகு வெக்டர் பயன்முறையில் சரிபாருங்கள். பொறியியல் முதுகலை நுழைவுத் தேர்வான கேட் தேர்வில் சொந்தக் கால்குலேட்டருக்கு அனுமதியில்லை. கணினித் திரையில் தரும் கால்குலேட்டரில் வெக்டர் வசதி இல்லை. கேட் எழுதப் போகிறவர்கள் கடைசி சில மாதங்கள் 991-ஐ மூடி வைத்துவிட்டு அந்தத் திரைக் கால்குலேட்டரிலேயே கூறு கூறாகப் பெருக்கிப் பழக வேண்டும்.

கடையில் வாங்கும்போது, அல்லது சீனியரிடமிருந்து பழையதை வாங்கும்போது, மேலே சொன்ன (2, 3, 0), (200, 300, −600) இரண்டையும் இட்டுப் பெருக்கிப் பாருங்கள். 2, 3, 6, 0, எதிர்க்குறி, பெருக்கல், சமக்குறி, ஏசி, சில மாடல்களில் ஷிஃப்ட், அம்பு என்று அதிகம் தேயும் பட்டன்கள் பலவும் இந்த ஒரு கணக்கில் சோதனையாகிவிடும். குறிப்பாக எதிர்க்குறி பட்டன் ஒரே அழுத்தலில் பதிகிறதா என்று கவனியுங்கள். வெக்டர் கணக்கில் அது பதியாமல் போனால் எந்த எரரும் வராது. வெளிச்சத்தில் சூரியத் தகட்டின் தயவில் ஓடி, தகட்டை விரலால் மூடியதும் திரை மங்கினால் உள்ளே இருக்கும் எல்ஆர்44 பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கிறது. அதை மாற்றியபின் பாகை, ரேடியன் அமைப்பை மறுபடி ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.